பிளாஸ்டிக் அரிசியும் பாலிஷ் அரிசியும்

திருவெறும்பூருக்குப் பேர் வந்ததே எறும்பால்தான். தேவர்கள் எறும்பு வடிவெடுத்து மலைமேல் இருக்கும் சிவனை வழிபட வந்தார்கள், லிங்கத்தின் மேலிருந்த எண்ணெய்ப் பசையில் வழுக்கி ஏற முடியாமல் தவித்தார்கள், இறைவன் மண்புற்றாக மாறிச் சற்றே சாய்ந்து கொடுத்தார் என்பது எறும்பீஸ்வரர் கோயிலின் தல புராணம்.

அந்த ஊரையும் விட்டுவைக்காத ஒரு பேச்சு உண்டு. ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல், நெல், வண்டு எல்லாம் பொறுக்கிய பிறகு, கொஞ்சம் மங்கலாக, வேறு மாதிரி தெரிகிற மணிகளையும் பொறுக்கி வெளியே வீச வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் பதில் தயார்: "அது பிளாஸ்டிக் அரிசிங்க, செல்போன்லயே வீடியோ வந்துச்சு!"

வீசிய மணியை எறும்பு தூக்கிக்கொண்டு போகும். பாவம், எறும்புக்கு வாட்ஸப் இல்லை.

சரி, அந்த மணி என்ன?

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து பிசைந்து, இயந்திரத்தில் அழுத்தி, அரிசி வடிவத்திலேயே வெட்டி எடுப்பது. சேமியா பிழிவதைப் போலத்தான். இதைச் சாதா அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலப்பார்கள். 2019-20இல் தொடங்கிய மத்திய அரசின் முன்னோடித் திட்டத்தில் தமிழ்நாட்டில் தேர்வான மாவட்டம் எது தெரியுமா? திருச்சிராப்பள்ளி! 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் இதை நாடு முழுக்க அறிவித்தார். 2028 டிசம்பர் வரை தொடர 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 17,082 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

இவ்வளவு பெரிய திட்டத்தின் சத்து முழுக்க அந்த நூற்றில் ஒரு மணிக்குள் இருக்கிறது. அதைப் பொறுக்கி எறிந்தால் திட்டமே குப்பையில். மிச்சம் இருப்பது பழைய வெள்ளை அரிசி.

முதலில் ஒரு வியாபாரக் கேள்வி. கலப்படம் செய்கிறவன் எதற்குச் செய்கிறான்? லாபத்துக்கு. பாலில் தண்ணீர் கலப்பான், மிளகில் பப்பாளி விதை கலப்பான். மலிவானதை விலை கூடியதில் கலப்பதுதான் கலப்படம். பிளாஸ்டிக் மூலப்பொருள் ரேஷன் அரிசியை விட விலை கூடியது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். இலவச அரிசியில், அதைவிட விலை கூடிய சரக்கைக் கலந்து நஷ்டப்படுகிற முட்டாள் வியாபாரி யார்? வீடியோ அனுப்புகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

கணக்கு வேண்டாம், சோதனை வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பொறுக்கிய மணிகளைத் தனியாக வேக வையுங்கள். வெந்து குழையும். ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறும். அந்த நிறம் மாவுச்சத்தின் கையெழுத்து. பிளாஸ்டிக் வேகவும் வேகாது, நீலமும் ஆகாது.

அதைவிடப் பெரிய சோதனைச்சாலை ஒவ்வொருவர் வயிற்றிலும் இருக்கிறது.

சோற்றை நிதானமாக மென்றால் கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் என்ற என்ஸைம் மாவுச்சத்தை வெட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. இரைப்பையின் அமிலத்தில் உமிழ்நீர் அமைலேஸ் ஓய்ந்துபோகும். சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் மிச்ச வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மணிகளாகத் துண்டான மாலையைக் குடல் சுவரில் இருக்கும் மால்டேஸ் போன்ற என்ஸைம்கள் ஒற்றைக் குளுக்கோஸாக உதிர்க்கும். அது சோடியத்தோடு கைகோத்துக் குடல் செல்லுக்குள் நுழைந்து, ரத்தத்தில் கலந்து, முதலில் ஈரலுக்குப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸும் இதே குளுக்கோஸ் மணிகளால் ஆனதுதான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த முடிச்சை அவிழ்க்கிற என்ஸைம் மனிதனிடம் இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அதனால்தான் நெல்லை மனிதனும் வைக்கோலை மாடும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முடிச்சு ஒன்று மாறினாலே கைவிட்டுவிடும் மனிதக் குடல், பாலித்தீனை என்ன செய்யும்? எதுவும் செய்யாது. போன வடிவத்திலேயே வெளியே அனுப்பிவிடும்.

ஆக, பிளாஸ்டிக் அரிசி கட்டுக்கதை. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஏனென்றால் அரிசியில் உண்மையாகவே ஒரு மோசடி நடக்கிறது. அது கூட்டல் மோசடி இல்லை, கழித்தல் மோசடி. அதற்குப் பெயர் பாலிஷ். அதைக் கேட்டு வாங்குகிறவர்களே அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறார்கள்!

ரத்தத்தில் சேர்ந்த குளுக்கோஸ் செல்லுக்குள் போனதும் உடனே சக்தியாகிவிடாது. பத்துப் படிகளில் உடைந்து இரண்டு பைருவேட் மூலக்கூறுகளாகும். இதில் மிஞ்சுவது இரண்டே இரண்டு ஏடிபி. ஏடிபிதான் செல்லின் கைச்செலவுக் காசு. மிச்சக் காசு முழுக்க மைட்டோகாண்ட்ரியா என்ற அடுத்த அறைக்குள் இருக்கிறது. அங்கே போய் ஆக்ஸிஜனோடு முழுமையாக எரிந்தால் மொத்தம் 30 அல்லது 32 ஏடிபி கிடைக்கும். இரண்டு எங்கே, முப்பது எங்கே!

அந்த அறையில் பைருவேட்டை எரியூட்டத் தயார் செய்கிற என்ஸைமுக்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி தயமின், அதாவது வைட்டமின் பி1. அறையில் சுழலும் கிரெப்ஸ் சுழற்சியிலும் இன்னொரு இடத்தில் அதே சாவி தேவை. சாவி இல்லாவிட்டால் குளுக்கோஸ் குவிந்து கிடந்தும் பயனில்லை. பைருவேட் தேங்கி, லாக்டிக் அமிலமாகத் திரும்பும். நரம்பும் இதயமும் முதலில் தளரும். இந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி. வயிறு நிறையச் சோறு தின்றும் செல் பட்டினி கிடக்கிற நோய்.

அந்தச் சாவியை இயற்கை எங்கே வைத்திருக்கிறது? பெரும்பகுதியை அரிசியின் தவிட்டிலும் முளையிலும். ஆலையில் தீட்டும்போது முதலில் போவது அதுதான்.

இது ஏட்டுக் கதை இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் நடந்தது. இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களிடையே பெரிபெரி பரவலாக இருந்தது. அதே மாகாணத்தில், அதே போல அரிசியே உணவாக இருந்த தமிழ் மாவட்டங்களில் அது அபூர்வம். ராபர்ட் மெக்காரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பின்னாளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1935இலிருந்து அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் இந்த வித்தியாசத்தை அலசினார். விடை நெல் அவிக்கும் அண்டாவில் இருந்தது. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரையே கேள்விப்படாத அவியல் களத்துப் பெண்கள் ஒரு மாகாணத்தின் பாதியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அந்தப் புழுங்கல் அரிசிக்கு இன்று என்ன மரியாதை? கொட்டை அரிசி, ரேஷன் அரிசி, மாடு திங்கிற அரிசி! விருந்தாளி வந்தால் அதைப் போட வெட்கம். கல்யாணப் பந்தியில் மல்லிகைப்பூ மாதிரி இருக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் மண்ணச்சநல்லூர் ஆலைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைக்காரர் கேட்பதை ஆலைக்காரர் தருகிறார். கடைக்காரரிடம் "இன்னும் வெள்ளையா இருக்கா?" என்று கேட்பவர் யார்?

வரவு செலவையும் பாருங்கள். நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி. மிச்சத்தில் உமி போகத் தவிடு தனியாக விற்பனைக்குப் போகும். தவிட்டிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். அது இதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தோடு அதே வீட்டுக்குத் திரும்பி வரும். சக்கை மாட்டுத் தீவனமாகும். சோர்வாக இருக்கிறது என்று மருந்துக்கடைக்குப் போனால் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை கிடைக்கும். ஒரே தவிட்டின் சத்துக்கு மூன்று முறை பில். மாடு மட்டும்தான் இந்த வியாபாரத்தில் நஷ்டப்படவில்லை.

இப்போது அந்த மங்கல் மணிக்குத் திரும்பலாம். அதில் இரும்பு ஏன்? தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்ஸிஜனைச் சுமந்து வரும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. வந்த ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிற சைட்டோகுரோமிலும் இரும்பு. இரண்டு முனையிலும் இரும்பு குறைந்தால் என்ன ஆகும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வகுப்பில் தூக்கம் வரும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள்.

ஃபோலிக் அமிலத்துக்கும் இந்தப் பக்கத்துச் சொந்தம் உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் குன்னூரிலும் ஆய்வைத் தொடர்ந்தார். அவர் தேடிய பொருள்தான் ஃபோலேட் என்று பின்னால் தெரிந்தது. அதை 1945இல் ஆய்வகத்தில் தயாரித்த லெடர்லி குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஏடிபியை 1929இல் கண்டறிந்தவர்களில் ஒருவரும் அவரே. அவருடைய உழைப்பைத்தான் பிளாஸ்டிக் என்று முறத்திலிருந்து தட்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் அரசு செய்தது முழுக்கச் சரியா? இல்லவே இல்லை.

ஒரு கிலோ செறிவூட்டிய அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பெண் நாளுக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிகபட்சம் 8.5 மில்லிகிராம் கிடைக்கும். தேவையோ நாளுக்கு 29 மில்லிகிராம். கிடைப்பதும் முழுதாக ரத்தத்தில் சேராது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இன்னும் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். அரிசியில் இரும்பு சேர்ப்பதால் ரத்தசோகை பெரிதாகக் குறைவதில்லை போலிருக்கிறது என்றே 2019இன் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. கோடிகளைக் காட்டி ரத்தசோகையை ஒழித்துவிட்டதாகப் பேசுவது அடுத்த கட்டுக்கதை.

இன்னொன்று. விதிப்படி கட்டாயம் சேர்க்க வேண்டிய மூன்றில் தயமின் கிடையாது. தீட்டி எடுத்த சாவியை விட்டுவிட்டு, வேறு மூன்று சாமான்களை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தீட்டுவதைக் குறைக்கலாமே என்ற எளிய கேள்விக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. தவிடு சீக்கிரம் காறல் அடிக்கும், கிடங்கில் தாங்காது என்பார்கள். உண்மைதான். அதற்குத்தானே புழுங்க வைப்பது என்ற நடுவழியைப் பாட்டன்மார் கண்டுபிடித்தார்கள்?

மூன்றாவது, மௌனம். உடம்புக்குள் போன இரும்பை விருப்பம்போல வெளியேற்ற உடம்பிடம் தனி வழி கிடையாது. தாலசீமியா போன்ற நோய் உள்ளவர்களுக்கு இரும்பு உடலில் தேங்குவது ஆபத்து. யார் டாக்டரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும், இந்த மணி ஏன் மிதக்கிறது, ஏன் நிறம் மங்கல் என்று ரேஷன் கடைச் சுவரில் பத்து வரி நல்ல தமிழில் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகியிருக்கும்? தட்டில் புதிதாக ஒன்றைப் போடுகிறவர் அது என்ன என்று சொல்ல வேண்டும். சொல்லாத இடத்தில்தான் வாட்ஸப் வந்து சொல்லும். வதந்தியை நம்பிய அம்மாவைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிள்ளையின் தட்டில் சந்தேகமான ஒன்று விழுந்தால் எடுத்து எறிவது அவருடைய கடமை. அவர் எறிந்தது சரியான காரணத்துக்காக, தவறான மணியை.

எனவே செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. அந்த மணி வந்தால் பொறுக்காமல் வேக வைக்கலாம். அரிசியைப் பத்துத் தண்ணீர் கழுவாமல் இரண்டோடு நிறுத்தலாம். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் குடிக்கலாம். பருப்பும் கீரையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடலாம். கடையில் "வெள்ளையா இருக்கா" என்பதற்குப் பதிலாக "பாலிஷ் கம்மியா இருக்கா, புழுங்கலா" என்று கேட்டுப் பார்க்கலாம். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது நாள் மூட்டை வந்து இறங்கும். வியாபாரம் அப்படித்தான்.

உடம்பு அரிசியின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மூட்டையின் பிராண்டைப் படிப்பதில்லை, அது ரேஷனா சூப்பர் மார்க்கெட்டா என்றும் விசாரிப்பதில்லை. சாவி இருக்கிறதா, இரும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் முப்பது, இல்லாவிட்டால் இரண்டு.

திருவெறும்பூர் எறும்புக்காகச் சிவனே சாய்ந்து கொடுத்தாராம். அரிசி கொஞ்சம் பழுப்பாக இருப்பதற்கு மனிதர்கள் சாய்ந்து கொடுக்கக் கூடாதா?