'கிஃப்ட்': கொடையும் நஞ்சும்

பொருள் ஒத்தால் உறவுச்சொல், முரண்பட்டால் வேற்றுச்சொல் எனத் துணிவது சொற்பிறப்பாய்வில் பெரும்பிழையாகும். ஜெர்மானியக் குடும்ப மொழிகளில் 'கிஃப்ட்' என எழுதப்பெறும் சொல் இதற்குத் தக்க சான்று. ஆங்கிலத்தில் அது கொடை. ஜெர்மன் மொழியில் நஞ்சு. ஸ்வீடிஷ் மொழியில் நஞ்சு என்பதோடு 'மணமான' என்னும் பொருளும் உண்டு. முரண்பட்ட இவை யாவும் 'கொடுத்தல்' என்னும் ஒரே வேரின. பெண்ணைக் கொடுத்தல் மணமாயிற்று. 'கொடுத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகிய 'டோசிஸ்' மருந்தளவையும் குறித்தது. அதன் தாக்கத்தால், தமிழிலக்கணம் கூறும் மங்கலவழக்கைப் போன்று, கொடுத்தல் நஞ்சாயிற்று. சீதனத்தைச் சுட்டும் ஜெர்மன் 'மிட்கிஃப்ட்' பழம்பொருளை இன்றும் காத்து நிற்கிறது.

இதற்கு மறுதலையாக, உடைமைப் பொருளில் ஒத்தொலிக்கும் ஜெர்மன் 'ஹாபென்', லத்தீன் 'ஹபேரே' ஆகியன வேரால் வேறானவை. 1822இல் யாக்கோப் கிரிம் வகுத்த ஒலிமாற்ற விதிப்படி லத்தீன் ககரத்திற்கு ஈடாக ஜெர்மானியத்தில் ஹகரம் வரும். எனவே 'ஹாபென்' என்பதன் உறவு, பற்றுதலைக் குறிக்கும் லத்தீன் 'கபேரே' என்பதனோடேயாம். ஒலிமாற்ற ஒழுங்கும் காலமுறைச் சான்றுமே சொல்லுறவைத் துணிவன. ஒப்புமை ஆய்வின் தொடக்கமேயன்றி முடிபாகாது.