சங்கக்கடையின் பங்காளிகள் நாங்கள்

எங்கள் ஊரான கிளிவெட்டியில் என் வயதுக்காரர் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்துவிடும். சாக்கு மணமும் மண்ணெண்ணெய் மணமும் கலந்த அந்தக் கடையை எங்களால் மறக்க முடியவில்லை.

அது 1970களின் தொடக்கம். அம்மம்மா பங்கீட்டுக் கூப்பன் புத்தகங்களைப் பழைய சீலைத்துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். கழுத்தில் கயிறு கட்டிய மண்ணெண்ணெய்ப் போத்தல் என் கையில் இருக்கும். மனேச்சர் அந்தக் கிழமைக்குரிய கூப்பனை வெட்டி எடுத்துக்கொண்டு அரிசியைக் கொத்தால் அளந்து பையில் கொட்டுவார். சீனி பேப்பர்ச் சரையில் வரும். வீடு சேரும்வரை சரையின் அடியை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நடப்பேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நான் எழுத்துக்கூட்டி வாசித்தது அங்கு தொங்கிய விலைப்பலகையைத்தான். அதில் எழுதியிருந்த விலை போடியாருக்கும் ஒன்றுதான், அவர் வயலில் கூலிக்கு நின்றவருக்கும் ஒன்றுதான்.

அறுவடை முடிந்தால் எங்கள் நெல்லும் சங்கத்துக்கே போகும். 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்த பின், உத்தரவாத விலைக்கு ஊர்களில் நெல் வாங்கியவை கூட்டுறவுச் சங்கங்களே. விற்கவும் வாங்கவும் எங்களுக்கு இருந்தது ஒரே வாசல்.

அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். சீனி போதாது. பாணுக்கு விடியமுன்னே வரிசை. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. 1979இல் கூப்பனின் இடத்துக்கு உணவு முத்திரை வந்தது. வரிசையில் நின்று களைத்த சனம் கேட்டதெல்லாம் கிடைத்த தனியார் கடைக்குப் போனதில் பிழை இல்லை. பிறகு யுத்தம். இடம்பெயர்ந்த சனத்துக்கு உலர் உணவு நிவாரணத்தை அளந்து கொடுத்ததும் சங்கங்கள்தான். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எங்கள் ஊர் முகாமில் வருடக்கணக்காக நிவாரண அட்டையோடு காத்திருந்தார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் அம்மம்மாவின் சீலைத்துண்டு எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனால் சங்கக்கடை தேய்ந்ததற்குத் திறந்த சந்தையும் யுத்தமும் மட்டும் காரணமல்ல. இலங்கையில் கூட்டுறவுக்கு 1911இலேயே சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல் பங்கீடு தொடங்கியபோது ஊருக்கு ஊர் சங்கக்கடைகள் முளைத்தன. 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களை ஒன்றிணைத்துச் சில நூறு பெரிய சங்கங்களாக்கினார்கள். முடிவுகள் ஊரைவிட்டுத் தூரப் போயின. எங்கள் கண்ணுக்குச் சங்கக்கடை அரசாங்கத்துக் கடையாகிவிட்டது. பங்குப் பணம் கட்டியவர்கள் நாங்கள் என்பதை நாங்களே மறந்தோம்.

1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் 28 தொழிலாளர்கள் காசு சேர்த்து, கலப்படமில்லாத மாவும் சீனியும் விற்கத் திறந்த சின்னக் கடையிலிருந்துதான் கூட்டுறவு இயக்கம் உலகமெங்கும் பரவியது. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணம் மூளாயில் 1936இல் ஊரார் கூட்டுறவாகத் தொடங்கிய மருத்துவமனை யுத்தத்தையும் தாண்டி நிற்கிறது. தங்களுடையது என்று சனம் நினைத்தது நிலைத்தது.

இன்று எங்கள் பெண்கள் கிழமைக்கிழமை நுண்கடன் கட்டுகிறார்கள். விதைப்புக்குக் கடன் கொடுத்த வியாபாரி சொல்லும் விலைக்கே, ஈரம் காயுமுன் நெல்லைக் கொடுக்கிற கமக்காரர்களையும் காண்கிறேன். கடன், உரம், நெல், சாமான் ஆகிய நான்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அமைப்பு நம்மிடம் இருந்தது. அதன் சட்டமும் இருக்கிறது, பல ஊர்களில் கட்டடமும் இருக்கிறது. இல்லாதது உறுப்பினர்தான்.

ஆகவே என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். சங்கக்கடையை நினைத்துப் பெருமூச்சு விட்டது போதும். அப்பா, அம்மாவின் பங்குச் சிட்டையைப் பெட்டியில் தேடுங்கள். இல்லையென்றால் புதிதாக உறுப்பினராகச் சேருங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கணக்குக் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.