தேர்தல் உரைகளில் குறிப்புப் பழியும் ஏதுப்போலியும்

‘யார் பெயரையும் சொல்லவில்லை’ என்பது தேர்தல் மேடையில் பழி தூற்றுவோர் கைக்கொள்ளும் வழக்கமான தற்காப்பாகும். வெளிப்படைப் பொருளுக்கு மட்டுமே பேசுவோர் பொறுப்பாவர் என்னும் இக்கருத்து, தமிழ் இலக்கண மரபிற்கு முற்றிலும் மாறானது.

2020ஆம் ஆண்டுத் தில்லிச் சட்டமன்றத் தேர்தல் இதற்குத் தக்க சான்று. சனவரி 27 அன்று ரிட்டாலாவில், நிதித்துறை இணையமைச்சராக இருந்த அனுராக் தாக்கூர் ‘தேசத் துரோகிகளை’ என முழக்கத்தின் ஒரு பாதியைச் சொல்ல, ‘சுடுங்கள்’ எனக் கூட்டம் முடித்தது. மறுநாள், ஜனக்புரியை உள்ளடக்கிய மேற்கு தில்லித் தொகுதியின் அன்றைய மக்களவை உறுப்பினர் பர்வேஷ் வர்மா, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஷாகின் பாக்கில் திரண்டிருந்தோரைப் பற்றிப் பேசுகையில், ‘இவர்கள்’ வீடு புகுந்து பெண்களைச் சீரழித்துக் கொல்வர் என்றார். தேர்தல் ஆணையம் முன்னவருக்கு 72 மணி நேரமும் பின்னவருக்கு 96 மணி நேரமும் பரப்புரைத் தடை விதித்தது. எனினும், 2022 மார்ச்சில் இவ்வுரைகள் தொடர்பான மனுவை விசாரித்த தில்லி உயர்நீதிமன்றம், ‘இவர்கள்’ என்பது யாரைச் சுட்டுகிறது என வினவியது.

இவ்வினாவை எதிர்கொள்ள நன்னூல் வழிகாட்டுகிறது. பவணந்தியார் ‘ஒன்றொழி பொதுச்சொல்’லைக் குறிப்பின்பாற் படுத்துவார். ‘மாடு கறந்தது’ எனின் எருது தானே ஒழியும். அவ்வாறே ‘துரோகிகள்’ என்னும் பொதுச்சொல் எவரை ஒழித்து எவரைச் சுட்டிற்று என்பதை இடமும் காலமும் காட்டின. கூட்டத்திற்கு விளங்கிய பொருள் பேசியவர்க்கு மட்டும் விளங்கவில்லை எனல் பொருந்தாது.

அடுத்தது தருக்கப் பிழை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் உரைக்கும் 14 ஏதுப்போலிகளுள் ஒன்று சித்தாசித்தம். கண்டது ஆவியோ பனியோ என்னும் ஐயம் நீங்காமலே புகையெனக் கொண்டு, நெருப்பு உண்டெனத் துணிதல் அதற்கு எடுத்துக்காட்டு. ஷாகின் பாக்கில் கண்கூடாக இருந்தது கூட்டம் மட்டுமே. அது குற்றக்கூட்டம் என்பது நிறுவப்படாத ஏது. அந்த ஏதுவினின்றே கொலை துணிபாக உரைக்கப்பட்டது.

இது ஒரு கட்சிக்கே உரிய குற்றமன்று. 2007 குஜராத் தேர்தலில் சோனியா காந்தி பெயர் சுட்டாது ‘மரண வணிகர்’ என்றதும் ஆணையத்தின் விளக்க அறிவிப்பிற்கு உள்ளாயிற்று.

மேடைப் பேச்சிற்குத் தருக்க அளவுகோல் பொருந்தாது என்பாரும் உளர். வாக்களித்தலும் ஒரு துணிபே. போலி ஏதுவால் பெற்ற துணிபு போலியாகவே முடியும். ஜனக்புரியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது. அங்குப் பயிலும் மாணவர், தம் தொகுதி உறுப்பினரின் சொல்லை எடைபோட நன்னூலும் மணிமேகலையும் கருவியாதல் வேண்டும். போலிகளின் பெயர்களைத் தேர்வுக்கு மனனம் செய்வித்து, நாட்டில் வழங்கும் போலிகளைக் காணாது விடும் தமிழ்க்கல்வி குறைக்கல்வியே.