மற்றும் குழுவினர்

‘மற்றும் குழுவினர்’ என்கிற இரண்டு சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பங்குனிப் பொங்கல் நெருங்கினால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அம்மன் படம், கமிட்டிக்காரர்கள் படம், மைக் செட், பந்தல், வாணவேடிக்கைக்காரர் பெயர் எல்லாம் இருக்கும். டிவியில் பாடிய ஒரு பையனோ பொண்ணோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முழங்கைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘மற்றும் குழுவினர் வழங்கும் மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்று இருக்கும். கீபோர்டு, தபேலா, கிட்டார், டிரம்செட், பேட் என்று ஐந்து மனுசர் அந்த ‘மற்றும்’ என்பதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாட்டுக்கே காலண்டர் அடித்துக்கொடுக்கிற ஊரில் ஐந்து பேரின் பெயரை அடிக்க இடமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கொஞ்ச வருசமாக அந்தக் குழுவில் பழைய ஆட்கள் திரும்ப வந்துகொண்டிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். இருபது, இருபத்தைந்து வருசம் வாத்தியத்தைத் தொடாமல் இருந்தவர்கள். மேடையில் ஒருத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பழைய பாட்டின் இடையிசையை கிட்டாரில் பிடிக்கிறார். கீழே நாம் போனைத் தூக்குகிறோம். ‘அங்கிள் வேற லெவல்’ என்று ரீல்ஸ் போடுகிறோம். இலக்கியம் படிக்கிறவர்களாக இருந்தால் இன்னும் மோசம்: காலம், நினைவு, துருப்பிடித்த தந்தி என்று நாலு பத்தி உருகுகிறோம். ‘அண்ணாச்சி, இன்னிக்கு ராத்திரிக்கு எவ்வளவு சம்பளம் பேசுனாங்க?’ என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

‘திரும்ப வந்தார்கள்’ என்பதே பாதிப் பொய். என்னவோ அவர்களாகத் துறவறம் போய்விட்டு மனசு மாறி வந்த மாதிரி இருக்கிறது அந்தப் பேச்சு. அவர்கள் போகவில்லை. அனுப்பப்பட்டார்கள்.

1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்குப் பிறகு பதினைந்து, இருபது வருசம் தென்மாவட்டத் திருவிழாக் கச்சேரி என்றால் என்ன என்று இன்றைக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிகிற வரைக்கும் போகும். சினிமாவில் வயலின் பட்டாளமே வாசித்த இடத்தை இங்கே அக்கார்டியனோ கீபோர்டோ வைத்து ஒரே ஆள் நிரப்ப வேண்டும். புல்லாங்குழல்காரருக்குக் காய்ச்சல் என்றால் அந்த ‘பிட்’டை ஆர்மோனியத்தில் வாங்கிச் சமாளிக்க வேண்டும். நொட்டேசன் எவன் கொடுப்பான்? கேசட்தான். டேப்ரெக்கார்டரில் ரீவைண்ட் பண்ணிப் பண்ணி, நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி, காதால் கேட்டு எடுத்தது. ஒருத்தர் சர்ச் கொயரில் கிட்டார் பழகியவர், இன்னொருத்தர் நாடக ஆர்மோனியக்காரரிடம் கற்றவர், இன்னொருத்தர் நையாண்டி மேளத்திலிருந்து வந்தவர். கோவில் மேளக்காரரை ஊர் எங்கே உட்காரவைத்துச் சோறு போட்டது என்பது நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இத்தனை விதமான ஆட்கள் ஒரே வேனில் போய், ஒரே மேடையில் சமமாக உட்கார்ந்தார்கள். சும்மா இல்லை அது.

அப்புறம் மிசின்கள் வந்தன. எண்பதுகளில் எலக்ட்ரானிக் பேடும் புது கீபோர்டுகளும் வந்தன. தபேலா, டோலக், காங்கோ என்று நாலு ஆள் செய்த வேலையை இரண்டு குச்சியால் ஒரே ஆள் செய்ய ஆரம்பித்தார். அதுவரை சரி, அதுவும் வாசிப்புதான். அடுத்து சிடி, அதற்கடுத்து டிராக். பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்துவிட்ட இசை லேப்டாப்பிலிருந்து வருகிறது, பாடகர் மேலே பாடிவிட்டுப் போகிறார். நடுவில் சட்டமும் வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீடுகளுக்கு அது நியாயமான விதிதான், அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் விடிய விடிய நடந்த கச்சேரி மூன்று மணி நேரமாகச் சுருங்கியபோது கமிட்டி முதலில் எதைக் குறைத்தது? பாடகரையா, வாணவேடிக்கையையா? பதினைந்து பேர் குழு எட்டாகி, எட்டு ஐந்தாகி, கடைசியில் ஒரு லேப்டாப்பும் ஒரு பேடுமாக நின்றது.

வெளியே போனவர்களை எங்கள் பக்கத்தில் மூன்று வாசல்கள் வாங்கிக்கொண்டன: பயராபீஸ், தீப்பெட்டியாபீஸ், அச்சாபீஸ். தபேலா வாசித்த விரல் பட்டாசுக் குழாயில் திரி செருகியது. கிட்டார்காரர் லித்தோ மிசினுக்குத் தாள் அடுக்கினார். அந்த மிசினில் இன்னொரு கச்சேரி நோட்டீஸ் ஓடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியாக மினுங்குகிற கையோடு சாயங்காலம் பஸ் ஏறுகிறவர்களை நீங்கள் சிவகாசி ரோட்டில் பார்த்திருப்பீர்கள். அதில் யார் முன்னாள் கலைஞர் என்று எப்படித் தெரியும்? அங்கேயும் நிம்மதி இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை விழுந்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020-இலும் 2021-இலும் கொரோனா. திருவிழாவும் கிடையாது, கச்சேரியும் கிடையாது.

2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. போனார். ஊரடங்கு முடிந்து மேடைகள் திறந்தபோது எல்லாருக்கும் அந்தக் காலத்துப் பாட்டு வேண்டியிருந்தது. ‘எய்ட்டீஸ் நைட்’, ‘பாடும் நிலா நினைவஞ்சலி’ என்று பிளக்ஸ் அடித்தார்கள். அப்போதுதான் பழைய போன் நம்பர்களைத் தேடினார்கள்.

கூப்பிட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மேடையில் டிரம்செட் இருக்கும், கிட்டார் இருக்கும். லேப்டாப்பில் டிராக்கும் ஓடும். மிக்சர்காரர் கிட்டார் சேனலைக் கால்வாசிக்கு இறக்கி வைத்திருப்பார். தப்பு வந்தாலும் வெளியே தெரியாது, சரியாக வந்தாலும் வெளியே தெரியாது. அலங்காரத்துக்கு நிறுத்திய வாழைமரம் மாதிரி ஒரு மனுசனை மேடையில் நிற்கவைத்துவிட்டு, முடிவில் பொன்னாடை. கூடவே ‘இந்த வயதிலும்!’ என்று ஒரு பாராட்டு. அந்தப் பொன்னாடையை எந்தக் கடையில் கொடுத்து அரிசி வாங்குவது?

‘விரல் ஓடலியே ப்ரோ, ரெண்டு எடத்துல பிசிறடிச்சுதே’ என்று ஒரு வாதம் வரும். ஓடாதுதான். இருபது வருசம் தாள் அடுக்கிய விரல் ஒரே நாளில் ஓடுமா? அதற்குத்தான் ரிகர்சல் என்று ஒன்று இருக்கிறது. ரிகர்சலுக்கு நாள் வேண்டும். அந்த நாளில் அவர் பயராபீஸ் கூலியை விட வேண்டும். அந்தக் கூலியை யார் கொடுப்பது? யாரும் கொடுப்பதில்லை என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து சவுண்டு செக்கிலேயே பாட்டைப் பழகுகிறார்கள். பிசிறு அங்கிருந்து வருகிறது, வயசிலிருந்து இல்லை.

இன்னொரு வாதம் நம்ம ஆட்களுடையது: ‘இவங்க சினிமாப் பாட்டக் காப்பியடிக்கிறவங்கதானே, இதுல கலை எங்க இருக்கு?’ இந்த மேட்டிமையை முதலில் தூக்கிக் குப்பையில் போடணும். இளையராஜா எங்கிருந்து வந்தார்? அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன குழுவிலிருந்து. சினிமா மெட்டில் வேறு சொற்களைப் போட்டுப் பாடுவதும் அந்த மேடைகளில் நடந்ததுதான். அதற்கும் முன்னால் சிவகாசியில் 1886-இல் பிறந்த விஸ்வநாததாஸ் இருக்கிறார். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முருகன் வேடத்தில் நின்றுகொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிப் பலமுறை கைதானவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமண நாடக மேடையிலேயே உயிர் போனது. அவர் போட்டதும் புது நாடகம் இல்லை, ஆயிரம் பேர் போட்ட அதே வள்ளி திருமணம்தான். மேடைக்காரனின் கலை எப்போதும் இருக்கிற சரக்கை எடுத்து அன்றைய ராத்திரிக்கு உயிர் கொடுப்பதில்தான் இருந்திருக்கிறது.

கியூபாவைப் பற்றி நாம் எல்லோரும் சிலாகிப்போம். 1996-இல் ஹவானாவில் பதிவான ‘புவெனா விஸ்தா சோஷியல் கிளப்’ ஆல்பத்தைக் கேட்டு, விம் வெண்டர்ஸ் எடுத்த படத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருப்போம். பியானோக்காரர் ரூபன் கொன்சாலஸின் வீட்டில் அப்போது பியானோகூட இல்லை. எழுபத்தாறு வயது. இப்ராஹிம் ஃபெரர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். நாம் அந்தக் கண்ணீரோடு நின்றுவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள்: கொன்சாலஸ் பெயரில் 1997-இல் தனி ஆல்பம் வந்தது, ஃபெரர் பெயரில் 1999-இல் வந்தது. அவர்களை யாரும் ‘மற்றும் குழுவினர்’ ஆக்கவில்லை. ஹவானா முதியவருக்கு உருகுகிற மனசு சாத்தூர் முதியவரின் பெயரைக்கூடக் கேட்க மாட்டேன் என்கிறது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இயல் இசை நாடக மன்றம் மாதம் 3000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கிறது. கிடைப்பவர்களுக்கு அது மருந்துச் செலவு. ஆனால் அந்தத் திட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: ‘நலிந்த நிலையில் வாழும்’ கலைஞர்களுக்கு. நலிந்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் கை நீளும். நான் பேசுவது நலிந்தவர்களைப் பற்றி இல்லை. வேலைக்குத் திரும்பியவர்களைப் பற்றி. அவர்களுக்கு வேண்டியது உதவித்தொகை இல்லை, கூலி.

கமிட்டியில் காசில்லை என்பார்கள். தலைக்கட்டு வரி வாங்கி, கடை கடையாக நன்கொடை எழுதி, ராத்திரி வானத்தில் எத்தனை ஆயிரம் ரூபாயை வெடித்துவிட்டு இதைச் சொல்கிறார்கள்? வாணவேடிக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, எங்கள் சோறு அதில்தான். ஒரு ‘செவன் ஷாட்’ பெட்டியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதை வாசிக்கிற பலர் ஏதோ ஒரு இளைஞர் நற்பணி மன்றத்தில் இருக்கிறீர்கள். கச்சேரி பேசப் போகிறவர்களே நீங்கள்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போது பாடகர் கையிலோ ஏஜெண்ட் கையிலோ மொத்தமாகக் கொடுக்காமல், வாசிக்கிறவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு நாள் ரிகர்சலுக்கு பயராபீஸ் கூலியை அதில் சேருங்கள். ஆள் இருக்கிற வாத்தியத்துக்கு டிராக் ஓடக்கூடாது என்று மிக்சர்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் புரூப் உங்கள் வாட்ஸப்புக்குத்தான் வரும். ‘மற்றும் குழுவினர்’ என்பதை அடித்துவிட்டு, தபேலா இன்னார், கிட்டார் இன்னார் என்று எழுதி அனுப்புங்கள். ஐந்து பெயர், இரண்டு வரி. வாணவேடிக்கைக்காரரின் செல் நம்பர் பிடிக்கிற இடம்கூட ஆகாது.