பாத்தி உப்பு இலவசமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடுகிறது, கூலியும் நின்றுவிடுகிறது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அந்நாட்களில் ஒவ்வொரு ரூபாயும் எண்ணியே செலவிடப்படுகிறது. அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு சிக்கனத்தை மட்டும் கைவிட வேண்டுகிறோம்: பாத்தியிலிருந்து அள்ளிவந்த கல்லுப்பையே ஆண்டு முழுவதும் சமையலுக்குப் பயன்படுத்துவது.

அவ்வுப்பில் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 90 மைக்ரோகிராமும், கருவுற்ற தாய்க்கு 250 மைக்ரோகிராமும் அயோடின் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெடுநாள் குறைந்தால் கழுத்துக் கழலை தோன்றலாம். கருவிலும் மழலைப் பருவத்திலும் பெரிதும் குறைந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அவ்விழப்பைப் பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் முழுமையாக மீட்க இயலாது.

அயோடின் கலந்த உப்பு நியாயவிலைக் கடையிலும் கிடைக்கிறது. நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் ஒரு கிலோ தாராளம். ஈரம் படாமல் மூடிவைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தால் சத்து வீணாகாது. வரவைப் பெருக்க வேண்டுமெனில், உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தையும், அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள்.

அள்ளிவந்த உப்பு கருவாடு போட உதவட்டும். குழந்தையின் சோற்றுக்கு அது வேண்டாம்.