லாசப்பலுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள்

பரிசுக்கு வரும் தமிழ்ச் சோடிகளின் பயணத் திட்டத்தில் லாசப்பல் எப்போதும் கடைசியில்தான் இருக்கும். காலையில் ஈபிள் கோபுரம், பிறகு லூவர், பிறகு சேன் ஆற்றில் படகு. கால் நோகத் தொடங்கியதும், "அப்படியே லாசப்பல் போய்க் கொத்து சாப்பிட்டிட்டு, ரெண்டு சாறியும் பார்த்துக்கொண்டு வருவம்." பரிஸ் பார்ப்பதற்கு, லாசப்பல் சாப்பிடுவதற்கு என்று நாங்களே பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிப்பு பிழை என்பதுதான் என் கட்சி.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து என் சித்தியின் மகளும் அவளுடைய கணவரும் ஐரோப்பா சுற்ற வந்தார்கள். பரிசுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. எக்செலில் திட்டம் போட்டு எனக்கு அனுப்பியிருந்தாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நான் ஐ.ரி. வேலை செய்கிறவன், எக்செலைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த ஞாயிறு லாசப்பல் பிள்ளையார் கோயில் தேர். அவளுடைய திட்டத்தில் லாசப்பல் மாலை ஐந்தரைக்கு இருந்தது. அந்த நேரம் தேர் இருப்புக்கு வந்து, வீதியும் கழுவி முடிந்திருக்கும்.

"அண்ணா, தேர் நாங்கள் கனடாவிலயும் பார்க்கலாம்தானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எங்கள் ஆட்கள் இருக்கும் நாடுகளில் தேருக்குப் பஞ்சமில்லை. என் பதில், பரிஸ் தேர் போகும் வீதியைப் பார் என்பதுதான்.

லாசப்பல் 1860 வரை பரிசுக்கு வெளியே இருந்த ஒரு ஊர். அதற்கு நடுவே போகும் நேர் சாலை பிரான்ஸ் அரசர்களின் சாலை. முடிசூடிய அரசர் அதன் வழியாகத்தான் பரிசுக்குள் ஊர்வலமாக வருவார். இறந்த பிறகு, வடக்கே சென் தெனியில் இருக்கும் பெரிய கோவிலில் அடக்கம் செய்ய அதே வழியால் கொண்டுபோவார்கள். 1429 செப்டெம்பரில் ஆங்கிலேயர் பக்கம் இருந்த பரிசைத் தாக்கப் புறப்படுமுன், ஜோன் ஒப் ஆர்க் இங்கேயுள்ள சின்னத் தேவாலயத்தில்தான் செபித்தாள். அது இன்னும் லாசப்பல் வீதியில் நிற்கிறது. அதே பழைய அரச சாலையின் ஒரு துண்டில்தான் எங்கட பிள்ளையாரும் தேரில் வருகிறார்.

இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. கொத்துக்கு வரிசையில் நிற்கும்போது கைபேசியில் வாசித்தது.

இன்னொன்று. லாசப்பல் மெற்றோவுக்குப் பக்கத்தில் புவ் து நோர் என்றொரு பழைய நாடக அரங்கு இருக்கிறது. பாழடைந்து கிடந்ததை 1974 இல் பீற்றர் புறூக் என்ற இயக்குநர் திரும்பத் திறந்தார். 1985 இல் அவர் மகாபாரதத்தை ஒன்பது மணித்தியால நாடகமாக்கி, அவிஞ்ஞோன் விழாவில் அரங்கேற்றிவிட்டு இங்கே கொண்டுவந்தார். பரிஸ் அறிவாளிகள் எல்லாரும் வந்து திரௌபதிக்காகக் கண்கலங்கினார்கள். அதே வருடம் அதே அயலில் எங்கட ஆட்கள் ஒரு சின்ன இடத்தில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். 1983 யூலைக்குப் பிறகு கிழக்கு பேர்லினுக்கு விமானம் ஏறி, மேற்கே வந்து, எல்லை கடந்து வந்தவர்கள் பலர். இரவு உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், விடியப் பேப்பர் போட்டார்கள். அப்பாவிடம் கேட்டேன், அந்த நாடகம் நடந்தது தெரியுமா என்று. "அந்த வாசலில சனம் நிக்கும். நான் வேலைக்குப் பிந்தியிட்டுது எண்டு ஓடுவன்" என்றார்.

ஈபிள் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பொறியியல் படித்தவன் அப்படிச் சொன்னால் பாவம். முதலாம் தட்டுக்குக் கீழே சுற்றிவர 72 பெயர்கள் பொறித்திருக்கிறது. ஃபூரியே, நாவியே, கோஷி, கூலோம், மாஸ்டர்ஸ் படிக்கும்போது என்னை நித்திரை கொள்ள விடாத அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள். 72 பேரில் ஒரு பெண் இல்லை, அதைச் சரிசெய்யும் பேச்சு இப்போதுதான் நடக்கிறது. 25 லட்சம் தறையாணிகளை நாலு நாலு பேராக நின்று, ஒருவர் காய்ச்ச, ஒருவர் பிடிக்க, மற்ற இருவர் அடித்து இறுக்கிய தொழிலாளிகளின் பெயர் அந்த வரிசையில் இல்லை.

கடைசியில் நான் திட்டத்தைக் குலைத்தேன். காலை லாசப்பல், இரவு ஈபிள். கோபுரம் இருட்டின பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் மினுங்கும், அதுதான் சோடியாகப் பார்க்க வேண்டிய நேரம். என் மனைவியும் வந்தாள். அவள் கத்தோலிக்கப் பெண், தேருக்கு முதல் தடவை. "நான் சைவமில்லை, எனக்கென்ன அங்க வேலை" என்று சொல்லும் தம்பி தங்கச்சிகளுக்காக இதைச் சொல்கிறேன். அவள் கேட்ட ஒரே கேள்வி, "தேங்காய்க்கு ஆர் காசு கட்டுகினம்?"

தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். தேர் வரும்போது ஒவ்வொரு கடை வாசலிலும் அடிப்பார்கள், சிரட்டை பறக்கும். கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், காவடி, நாதஸ்வரம், நடுவே கமெராவோடு பிரெஞ்சுக்காரர். இவ்வளவு உணவை வீணாக்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். எனக்கும் அதில் முழுத் திருப்தியில்லை. ஆனால் மதத்தை அரசிலிருந்து 1905 இல் சட்டம் போட்டுப் பிரித்த நாடு இது. இந்த நாட்டின் தலைநகரில் காவல்துறை வீதியை மறித்துத் தர, மாநகரசபையின் பச்சை உடுப்புத் தொழிலாளிகள் பின்னால் சிரட்டை கூட்டிக்கொண்டு வர, எங்கட அம்மாமார் நடுவீதியால் வெறுங்காலோடு நடந்து போகிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் இந்த நகரத்தில் நடைபாதையின் ஓரத்தால் போய்ப் பழகியவர்கள்.

தண்ணீர்ப்பந்தலில் சர்பத் குடிக்கும்போது, மச்சான் பக்கத்தில் நின்ற ஒரு ஐயாவிடம் சும்மா கேட்டார், "ஐயா எப்ப இஞ்ச வந்தனீங்கள்?" அவ்வளவுதான். ஒரே அறையில் ஒன்பது பேர் முறை வைத்துப் படுத்தது, முதல் குளிர்காலம், கடிதத்துக்காகக் காத்திருந்தது, கடன் கட்டி முடித்த நாள். முக்கால் மணித்தியாலம் போனது. பதிவு செய்து வைத்திருந்த லூவர் நேரமும் போனது. மச்சான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

லூவரில் காது கருவியை வாடகைக்கு எடுத்து, செத்துப்போன அரசர் ஒவ்வொருவரைப் பற்றியும் பொறுமையாகக் கேட்கிறோம். உயிரோடு இருக்கும் ஐயாமாரைக் கேட்பதில்லை. எங்களைப் பற்றிச் சினிமா வந்திருக்கிறது. 2015 இல் கானில் தங்கப்பனை வென்ற 'தீபன்', பிறகு இங்கேயே பிறந்து வளர்ந்த லோரன்ஸ் வலின் எடுத்த 'லிட்டில் ஜப்னா'. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் இரண்டிலும் துவக்கு இருக்கிறது. துவக்குத் தூக்காமல், முப்பது வருடம் கோப்பை கழுவி, பிள்ளையை எஞ்சினியராக்கிய மனிதனின் கதை இன்னும் படமாகவில்லை. அந்த மனிதர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களோ புறநகரில் வீடு வாங்கி, லாசப்பலுக்குக் கலியாணச் சாமான் வாங்க மட்டும் வருகிறோம்.

தேர் வழக்கமாக ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். காலை ஒன்பதுக்கே பஜோல் வீதிக்குப் போய்விடுங்கள், பதினொரு மணியளவில் தேர் வெளிக்கிடும். மெற்றோ இரண்டாம் இலக்கம் சனத்தால் நிரம்பும், கார் து நோரில் இறங்கி நடப்பது சுகம். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், மஞ்சள் தண்ணீர் தெறித்தால் போகாது. ஐயாமாரிடம் கேட்கும்போது கைபேசியில் ஒலிப்பதிவைப் போடலாமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஓம் என்றுதான் சொல்வார்கள், சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டு.