ராத்திரிக்குத் தனி ஆள் வேண்டும்

குற்றாலம் மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் அளவாக விழும் நாட்களில் நள்ளிரவிலும் குளிக்கலாம். சாரல் சீசன் கூட்டத்தையும், கார்த்திகை, மார்கழியில் வரும் ஐயப்ப பக்தர்களையும் பகல் மட்டும் தாங்காது. புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிகளுக்கும் ராத்திரி ஓட்டம் உண்டு. ஆக, தென்காசி வட்டாரத்தில் இரவு வேலை ஏதோ ஐ.டி. கம்பெனி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. டீக்கடை, லாட்ஜ், பரோட்டாக் கடை, மருந்துக் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் விழித்திருந்தால்தான் வந்தவர்களுக்கு வழி. இந்தச் சேவை வேண்டும். ஆனால் பகலில் நின்ற அதே ஆளை இரவிலும் நிறுத்தி அதை நடத்தக் கூடாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் அனுமதித்தது. 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தது. நிபந்தனைகள் நல்லவைதான். ஒருவருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சுழற்சி முறையில் வார விடுமுறை. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க அவர்களுடைய எழுத்துபூர்வ சம்மதமும், தக்க பாதுகாப்பும், போக்குவரத்து வசதியும் வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று 1947-ம் ஆண்டு கடைகள் சட்டமே சொல்கிறது. எல்லாம் சரி, அருவிக்கரைச் சிப்ஸ் கடையிலும் பழக்கடையிலும் பத்துப் பேர் எங்கே இருக்கிறார்கள்? இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அந்த ஆணையின் அனுமதியும் அவர்களுக்கு இல்லை, நிபந்தனையும் இல்லை. கடை மட்டும் திறந்திருக்கிறது.

சீசனே இரண்டு மூன்று மாதம், அதில் சம்பாதித்தால்தான் உண்டு, இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் போட்டால் கட்டுபடியாகாது என்பார்கள் கடைக்காரர்கள். ஏலத்தொகையும் வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது அது நியாயமான கவலைதான். அதற்காக ஒருவரின் உறக்கத்தை முதலாக்கிக் கொள்ள முடியாது. உடலின் இயல்பான கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணி புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் வகைப்படுத்தியது. 2019-லும் அதை உறுதிசெய்தது. தனி ஆள் போட்டாலே இந்த ஆபத்து முழுதும் போய்விடாது. அதனால்தான் சுழற்சியும் ஓய்வும் கூடுதலாகத் தேவை. வேலையாட்களே கூடுதல் காசுக்கு விரும்பி நிற்கிறார்கள் என்ற வாதமும் உண்டு. எட்டு மணி நேரச் சம்பளம் குடும்பத்துக்குப் போதாதபோது வருகிற விருப்பம் அது.

பேசாமல் அருவியை இரவில் மூடிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது பட்டப்பகலில். மூடுவதால் மட்டும் ஆபத்து தீராது. அங்கே காவல் பார்ப்பவர் விழிப்போடு இருக்க வேண்டும். மெயினருவியில் பாதுகாப்பு வளைவுக்கு மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் உடனே கூட்டத்தை வெளியேற்ற வேண்டும். விளக்கு வெளிச்சத்தில், பெருகுகிற தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டிய காவலர் காலையிலிருந்து நிற்பவராக இருந்தால் என்ன ஆவது? பெண்கள் குளிக்கும் பக்கம் நிற்கும் பெண் காவலருக்கும், விடியுமுன் குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளருக்கும் இதே கேள்விதான்.

அடுத்த சாரலுக்கு முன் மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் சிறு கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் ஷிப்டுப் பதிவேட்டைக் கட்டாயமாக்க வேண்டும். ராத்திரிக்குத் தனி ஆள் வைக்க முடியாத கடை ராத்திரியில் ஷட்டரை இறக்கட்டும்.